கர்ணம் கையிலிருந்த கணக்கு: ஹட் பேயை முன்வைத்து ஒரு பெயர்ப்பதிவேட்டின் வரலாறு

2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட ஒளியிழை வடம் பயன்பாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமும் 1,224 கோடி ரூபாய்ச் செலவும் கொண்ட அத்திட்டத்தை பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது. சென்னையிலிருந்து போர்ட் பிளேரை அடைந்த வடம் அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் எனக் கிளைகளாகப் பிரிந்தது. லிட்டில் அந்தமானின் துறைமுக ஊர் ஹட் பே. போர்ட் பிளேருக்குத் தெற்கே கப்பலில் பல மணி நேரப் பயணம். அதற்கும் தெற்கே பத்துப் பாகைக் கால்வாய்; அதைக் கடந்தால் நிக்கோபார்.

அன்று பேசப்பட்டதெல்லாம் வேகத்தைப் பற்றித்தான். அதுவரை அத்தீவுகளின் இணையம் பெரிதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஒரு கேள்வி மேலேறிக் கீழிறங்கி, அதன் விடையும் அவ்வாறே திரும்பி வர ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை நொடி ஆகும். கடலடி இழையில் ஹட் பேயிலிருந்து சென்னைக்குப் போய்வர ஆகும் நேரம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. திரைப்படம் பார்ப்பவருக்கு அரை நொடி ஒரு பொருட்டன்று. ஆனால் எந்தப் படமும் எந்தப் படிவமும் திரைக்கு வருமுன் கணினி கேட்கும் முதற்கேள்வி வேறொன்று: இந்தப் பெயருக்குரிய எண் எது? அக்கேள்வி சில வேளை ஒரு முறையோடு நிற்பதில்லை. மூன்று நான்கு இடங்களில் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் அரை நொடி. தீவுவாசிகள் 'நெட் மெதுவாக இருக்கிறது' என்று சொன்னதில் ஒரு பகுதி, பெயரைத் தேடும் காலமாகவே இருந்திருக்கும்.

பெயரை எண்ணாக மாற்றித் தரும் அந்தப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள், எழுதியதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் அண்மைய அத்தியாயம் 'உட்கட்டமைப்பை நிரலாக எழுதுதல்' என்று பொறியாளர்கள் அழைக்கும் முறை. முதல் அத்தியாயமோ தமிழர்களுக்கு அந்நியமானதன்று.

1870-71இல் சென்னையையும் பினாங்கையும் இணைத்துக் கடலடித் தந்தி வடம் இடப்பட்டது. வங்காள விரிகுடாவை அது கடந்தது. அந்தமானுக்கு அதனால் பயனில்லை. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் என்பதால், முகவரியை முழுதாக எழுதுவதே செலவு. ஆகவே வணிக நிறுவனங்கள் ஒற்றைச் சொல்லைத் தங்கள் முகவரியாகத் தந்தி அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிந்துகொண்டன. அதற்குப் பெயர் 'தந்தி விலாசம்'. பழைய கடிதத் தாள்களின் தலைப்பில் இன்றும் அதைக் காணலாம். ஓர் ஊரின் அலுவலகத்தில் ஒருவர் பதிந்த சொல்லை இன்னொருவர் பதிய முடியாது. ஆண்டுக் கட்டணம் தவறினால் உரிமை போகும். சொல்லுக்கும் கடைக்கும் உள்ள தொடர்பு அலுவலகப் பேரேட்டில் மட்டுமே இருக்கும். இன்றைய டொமைன் பெயரின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் தங்கள் நிறுவனத்தைக் குறிக்கும் முதலெழுத்துத் தொடரையே 'விலாசம்' என்றுதான் சொன்னார்கள் என்பது கூடுதல் சுவை.

அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற ஆய்வு வலையமைப்பு வளர்ந்தபோது அதன் பேரேடு ஒரே ஒரு கோப்பாக இருந்தது. கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிய கணினியைச் சேர்க்க விரும்புவோர் அம்மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மையம் கோப்பில் ஒரு வரி சேர்க்கும். எல்லாரும் அக்கோப்பை மீண்டும் மீண்டும் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகவே அது தாளவில்லை. 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் முன்வைத்த டி.என்.எஸ். என்னும் பெயரமைப்பு அந்த ஒற்றைப் பேரேட்டைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் அதற்குரியவரிடமே ஒப்படைத்தது. 1987இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் வரையறைகளே இன்றும் அடித்தளம்.

அஞ்சலுறையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். முகவரியை எழுதுபவர் வீட்டு எண்ணில் தொடங்கி மாநிலத்தில் முடிக்கிறார். பிரிப்பவர் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறார். 'அந்தமான்.கவ்.இன்' என்ற பெயரைத் தேடும் கணினியும் வலக்கோடியில் தொடங்குகிறது. முதலில் வேர்ச் சேவையகத்திடம் 'இன்' யாரிடம் இருக்கிறது என்று கேட்கும், 'இன்'னிடம் 'கவ்' எங்கே என்று கேட்கும், பிறகு 'அந்தமான்'. ஒவ்வொரு விடையோடும் ஒரு காலக்கெடு ஒட்டியிருக்கும். இவ்வளவு விநாடிகளுக்கு இதை நினைவில் வைத்திருக்கலாம், அதன்பின் மீண்டும் கேள் என்பது அதன் பொருள். வேர்ச் சேவையகங்களுள் ஒன்றான 'எஃப்' வேரின் படி சென்னையிலும் இயங்குகிறது என்பது, கம்பிவடம் வந்தபின் ஹட் பேக்குக் கிடைத்த, யாரும் விளம்பரப்படுத்தாத நன்மை.

இந்தியாவின் 'இன்' 1989இல் ஒதுக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் மும்பையின் ஆய்வு நிறுவனம் ஒன்று கட்டுப்பாடுகளோடு அதை நிர்வகித்தது. 2005இல் நிக்சி அமைப்பின் பொறுப்பில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழெழுத்தில் பெயர் வைக்கும் முயற்சிக்குச் சிங்கப்பூர் முன்னோடி. 1995இல் நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றிய டான் டின் வீ, 1998இல் பன்மொழிப் பெயர்களுக்கான ஆய்வைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை வேர்ப் பதிவேட்டில் சேர்த்தபோது அவற்றுள் தமிழும் ஒன்று: 'உதாரணம்.பரிட்சை'. பெயருக்கேற்பச் சோதனை முடிந்ததும் அது நீக்கப்பட்டது. இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்றும் பின்னர் தமிழெழுத்திலேயே வேர்ப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்தமானில் 2011 கணக்கெடுப்பின்படி வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்து அதிகம் பேசப்படும் மொழி தமிழ் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

பதிவேடு துண்டுகளாகப் பிரிந்தாலும், ஒவ்வொரு துண்டும் ஒரு மனிதரின் கையில்தான் இருந்தது. உச்சியிலேயே அப்படித்தான். எண்களையும் பெயர்களையும் ஒதுக்கும் பொறுப்பைப் பல்லாண்டுகள் வகித்த ஜான் போஸ்டல், 1998 ஜனவரி 28 அன்று வேர்ச் சேவையகங்களை இயக்குவோர் எட்டுப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார்: வேர்ப்பதிவேட்டை இனி என் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க அரசு குறுக்கிட்டபின் சில நாட்களில் பழைய நிலை திரும்பியது. யாருடைய இணையமும் தடைபடவில்லை. ஆயினும் உலகப் பேரேடு ஒருவர்மீது பிறர் கொண்ட நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது வெளிப்பட்டுவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் போஸ்டல் மறைந்தார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இந்த நிலை நன்கு பழக்கமானது. பரம்பரைக் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் சிட்டாவும் அடங்கலும் இருந்தன. எந்தப் புல எண் யாருடையது என்பது கணக்கில் எழுதப்பட்டிருந்ததைவிட அவர் நினைவில் எழுதப்பட்டிருந்தது அதிகம். நல்ல கர்ணம் வாய்த்த ஊருக்கு அது வரம். மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அப்பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்ற மாற்றத்தக்க அரசு ஊழியரை அங்கே அமர்த்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1982இல் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆளை மாற்றினாலும் கணக்கு நிற்க வேண்டும் என்பதே அச்சீர்திருத்தத்தின் உட்பொருள்.

கணினி உலகின் கர்ணங்கள் அதற்குப் பின்னும் முப்பதாண்டுகள் கோலோச்சினார்கள். தொடக்கத்தில் பெயர்ப் பதிவுகள் 'மண்டலக் கோப்பு' என்ற எளிய உரைக்கோப்பில் இருந்தன. திறந்து படிக்கலாம், படியெடுக்கலாம். 2010 டிசம்பரில் அமேசான் 'ரூட் 53' என்ற சேவையைத் தொடங்கியபோது (டி.என்.எஸ். கேள்விகள் செல்லும் வாயில் எண் 53 என்பதால் அப்பெயர்) கோப்பு மேகக் கணிமைக்கு ஏறியது, பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. வசதி பெருகியது; ஆனால் வரலாற்றாளரின் கண்ணுக்கு அது ஒரு பின்னடைவும்கூட. திரையில் ஒரு பெட்டியைத் திறந்து, பழைய எண்ணை அழித்து, புதிய எண்ணை இட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. ஏன் மாற்றினார், முன்பு என்ன இருந்தது, யாரிடம் கேட்டார் என்பதற்கு அத்திரையில் இடமே இல்லை. ஈராண்டு கழித்து ஒரு பதிவைப் பார்ப்பவர் அது தேவையா என்று அறியாமல், நீக்க அஞ்சி, அப்படியே விட்டுச் செல்வார். கைவிடப்பட்ட வாடகைச் சேவையகத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும் இத்தகைய அநாதைப் பதிவுகளைப் பிறர் கைப்பற்றி, உரியவரின் பெயரிலேயே போலித் தளம் நடத்துவது இன்று அறியப்பட்ட மோசடி. பட்டா மாறாத நிலத்தில் ஆக்கிரமிப்பு முளைப்பது போலத்தான்.

இதற்கான மாற்று வேறொரு மரபிலிருந்து வந்தது. 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் எழுதிய சி.எஃப்.எஞ்ஜின், கணினிகள் எந்நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தால் அந்நிலைக்கு அவற்றைத் தானே கொண்டுவரும் மென்பொருள். 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கட்டளையிடுவதற்கும் 'இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதிவைப்பதற்கும் உள்ள வேறுபாடே இம்மரபின் உயிர். 2014இல் ஹாஷிகார்ப் நிறுவனம் வெளியிட்ட டெர்ராஃபார்ம் அதே எண்ணத்தை மேகக் கணிமைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு பெயர்ப் பதிவு என்பது ஒரு கோப்பில் நாலைந்து வரிகள்: எந்த மண்டலம், என்ன பெயர், எவ்வகைப் பதிவு, எத்தனை விநாடிக் கெடு, எந்த எண். அக்கோப்பு கிட் என்னும் பதிப்பு வரலாற்றுக் களஞ்சியத்தில் இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் மாற்றியவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு நிற்கும். இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பின்னரே நடைமுறைக்கு வரும்.

இதன் நடுநாயகம் 'திட்டம்' என்ற கட்டம். மென்பொருள் மூன்றை ஒப்பிடுகிறது: கோப்பில் எழுதியிருப்பது, சென்ற முறை தான் செய்ததாகக் குறித்துவைத்திருப்பது, மேகத்தில் இப்போது உண்மையில் இருப்பது. எவரேனும் இடையில் திரையைத் திறந்து கையால் மாற்றியிருந்தால் அது இங்கே பிடிபடும். தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் இதற்கு நெடுநாளாகவே ஒரு பெயர் உண்டு: ஜமாபந்தி. பசலி ஆண்டு முடிவை ஒட்டி, கிராமக் கணக்குகள் அனைத்தும் மேலதிகாரி முன் விரிக்கப்பட்டு வரி வரியாகச் சரிபார்க்கப்படும். நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட அன்று சோதிப்பார்கள். அளவுகோலே பிழைபட்டிருந்தால் கணக்கு நேராக இருந்து என்ன பயன்? ஜமாபந்தி ஆண்டுக்கொரு முறை. டெர்ராஃபார்மின் ஜமாபந்தி விரும்பும்போதெல்லாம்.

பெயர்ப் பதிவுகளை நிரலாக எழுதுவது ஒரு வசதி என்ற நிலையிலிருந்து ஒரு தேவை என்ற நிலைக்கு நகர்ந்தது 2016 அக்டோபர் 21க்குப் பிறகு. அன்று டைன் என்ற அமெரிக்கப் பெயர்ச்சேவை நிறுவனத்தின்மீது, தொற்றுக்குள்ளான கண்காணிப்புக் கேமராக்களும் பிற வீட்டுக் கருவிகளும் கொண்ட பெரும்படை கேள்விகளைப் பொழிந்து அதை முடக்கியது. ட்விட்டர், கிட்ஹப், நெட்ஃபிளிக்ஸ் ஆகியவற்றின் சேவையகங்கள் நலமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் பெயரைச் சொல்ல ஆளில்லாததால் பலரால் அவற்றை அடைய முடியவில்லை. ஒரே பெயர்ச்சேவையை நம்பக் கூடாது, இரண்டிடம் பதிவுகளை வைக்க வேண்டும் என்ற பாடம் உடனே எழுந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான பதிவுகளை இரு நிறுவனங்களின் திரைகளில் ஒரே மாதிரியாகக் கையால் வைத்திருப்பது நடக்கிற காரியமன்று. 2017இல் கிட்ஹப் 'ஆக்டோ டி.என்.எஸ்.' என்பதையும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 'டி.என்.எஸ். கன்ட்ரோல்' என்பதையும் பொதுவில் வெளியிட்டன. ஒரு மூலக் கோப்பு. அதிலிருந்து பல நிறுவனங்களுக்கு ஒரே பதிவுகள். 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மின் உரிமம் இறுகியதும், அதற்கு எதிர்வினையாக ஓப்பன்டோஃபு பிரிந்ததும் உரிமையாளர் சண்டையின் வரலாறு. பதிவேட்டின் வரலாற்றில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு போதும்.

நிரல் கர்ணத்தைவிட நேர்மையானது. ஆனால் அவரிடமிருந்த ஒரு தயக்கம் அதனிடம் இல்லை. ஊர் முழுவதற்குமான சிட்டாவை எரிக்கச் சொன்னால் கர்ணம் ஒரு கணம் நின்று முகம் பார்ப்பார். நிரல் பார்ப்பதில்லை. கோப்பில் மண்டலத்தின் பெயரைச் சிறிது மாற்றினால், பழைய மண்டலத்தை அழித்துப் புதியதை உருவாக்குவதே அதற்கு நேர்வழி. ரூட் 53 புதிய மண்டலத்துக்குப் புதிய நான்கு பெயர்ச் சேவையகங்களை ஒதுக்கும். மேலே பதிவு நிறுவனத்திடமோ பழைய நான்கின் பெயர்களே இருக்கும். பதிவுகள் எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தும் பெயர் உலகுக்குக் காணாமல் போகும். அந்த இடைவெளியில் யாரேனும் கேட்டால் உரிய விடை கிடைக்காது. பழைய விடைகளுக்கும் நினைவுக்கெடு உண்டு என்பதால், பிழையைத் திருத்திய பின்னும் சிலருக்கு அது சிறிது நேரம் இல்லாமலே இருக்கும். அனுபவப்பட்டோர் இத்தகைய பதிவுகளின்மீது 'அழிக்காதே' என்ற காப்பு வரியை முதலிலேயே எழுதிவிடுகிறார்கள். மாற்றத்துக்கு ஓரிரு நாட்கள் முன்பே காலக்கெடுவைக் குறைத்து வைக்கிறார்கள்.

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். இந்திய நேரம் நண்பகல் 12.18. அமேசானின் வர்ஜீனியா வட்டாரத்தில் டைனமோ டி.பி. என்ற தரவுத்தளத்தின் பெயருக்கு எதிரே இருந்த எண்கள் அனைத்தும் மறைந்தன. தாக்குதல் ஏதுமில்லை, யாரும் தவறான பொத்தானை அழுத்தவுமில்லை. பெயர்ப் பதிவுகளைத் திட்டமிடும் நிரல் ஒன்று. அத்திட்டங்களை நிறைவேற்றும் நிரல் பாதுகாப்புக்காக மூன்று படிகளாகத் தனித்தனியே இயங்கியது. அவற்றுள் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமதித்தது. அதற்குள் இன்னொன்று புதிய திட்டத்தை நிறைவேற்றிவிட்டுப் பழைய திட்டங்களைத் துப்புரவு செய்யத் தொடங்கியது. தாமதித்தது விழித்தெழுந்து, தன் கையிலிருந்த பழைய திட்டத்தைப் புதியதன்மேல் எழுதியது. துப்புரவாளர் வந்து அது பழையது என்று கண்டு அழித்தது. இரண்டும் தத்தம் விதிப்படியே நடந்தன. எஞ்சியது வெறுமையான ஒரு பதிவு. தானியங்கியால் அதை மீட்க முடியவில்லை. மனிதர்கள் கைவைத்தே சரிசெய்தார்கள். பெயர் திரும்ப இரண்டரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதன் தொடர்விளைவுகள் ஓய இந்தியாவில் மறுநாள் அதிகாலை ஆனது.

பெருநகரத்தில் இத்தகைய பொழுதுக்கு மாற்று வழிகள் உண்டு. கடைக்குப் போகலாம், கவுன்ட்டரில் நிற்கலாம். 2011 கணக்கெடுப்பில் இருபதாயிரத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட லிட்டில் அந்தமானில், கப்பல் பயணச்சீட்டும் அரசுச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் பெயர்களின் பின்னால் சென்றுவிட்டன. அப்பெயர்களின் பதிவேடுகள் தீவில் இல்லை. இங்குதான் தீவுக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. கம்பிவடம் அறுந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், சென்னையிலுள்ள சேவை கிடைக்காமல் போவது இயல்பு. ஆனால் காலக்கெடு முடிந்தபின், ஒரே தெருவிலுள்ள இரண்டு கணினிகள்கூட ஒன்றையொன்று பெயரால் கண்டுகொள்ள இயலாது. எதிர்வீட்டின் முகவரியைக் கேட்பதற்கே கடல் கடக்க வேண்டியிருக்கும். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா நாட்டின் கடலடி வடம் அறுந்தபோது, அதைச் சீரமைக்க ஐந்து வாரங்கள் ஆயின. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை படகுத்துறையையும் கரையோரக் குடியிருப்புகளையும் சிதைத்துச் சென்ற ஹட் பேயில், இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று.

இதற்குத் தொழில்நுட்ப விடைகள் இல்லாமலில்லை. ஒரு மண்டலத்தின் பெயர்ச் சேவையகங்கள் புவியியல்ரீதியாகச் சிதறியிருக்க வேண்டும் என்று 1997இலேயே இணையப் பொறியாளர் குழு பரிந்துரைத்தது. தலைநிலத்துக்கு அதன் பொருள் 'ஒன்றையேனும் தொலைவில் வை' என்பது. தீவுக்கு அதன் பொருள் தலைகீழ், 'ஒன்றையேனும் அருகில் வை'. கடல் அறுந்து உரிய சேவையகம் எட்டாதபோது, கெடு முடிந்த விடையையே தற்காலிகமாகத் தரலாம் என்ற விதி 2020 மார்ச்சில், வடம் திறக்கப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பு, முறைப்படுத்தப்பட்டது. பதிவுகள் ஒரே மூலக் கோப்பில் நிரலாக எழுதப்பட்டிருந்தால், தலைநிலத்து மேகத்தில் ஒரு படியும் தீவின் சிறு சேவையகத்தில் ஒரு படியும் பிசகாமல் வைத்திருப்பதற்குக் கோப்பில் சில வரிகள் கூடினால் போதும். கர்ணத்தின் பெட்டி ஒன்றாக இருந்த காலத்தில் இது இயலாதது.

தீவுகளின் பெயர்களோ இந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2018 டிசம்பர் 30 அன்று, கம்பிவடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட அதே நாளில், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாயிற்று. நீல் ஷஹீத் தீவாயிற்று. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. விமானச் சீட்டில் அதன் குறி இன்றும் ஐ.எக்ஸ்.இசட். தான். ஹட் பேயின் பெயர் மாறவில்லை. அத்தீவின் தொல்குடிகளான ஓங்கேக்கள், இன்று நூற்றுச் சொச்சம் பேர், தங்கள் தீவுக்கு வைத்திருந்த பெயர் இனவரைவியல் நூல்களில் கௌபொலாம்பே என்று எழுதப்பட்டிருக்கிறது.